ஃபேன் படம் போட்ட பெட்டி

ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் பட்டியல் தவிர்த்து, குருவம்மாளின் பெயரை அரசாங்கத்துக்கு எழுதி அனுப்பியவன் நான் ஒருவன்தான். கதிரியக்கப் பொருள் எதுவும் தீவிரவாதிகள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று போடப்பட்ட விதிகளின்படி, திருத்தங்கலில் இருந்து மும்பையில் உள்ள அணுசக்திக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அவர் தலைமறைவாக இருப்பதாக நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். அந்த நேரத்தில் அவர் சாத்தூரில் மகள் வீட்டில், அடுத்த ஈடு இட்லி வேகட்டும் என்று காத்திருந்தார்.

குருவம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனாலும் நான் அத்தை என்பேன், அவர் மருமவனே என்பார். சந்தோஷமாக இருந்தால் "ஏலே", கோபம் வந்தால் "வாங்க, போங்க". மரியாதை கூடக்கூட நாம் பயப்பட வேண்டும்.

பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசில் (எங்கள் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) குச்சிகளைக் கட்டையில் அடுக்கப் போனார். பதினெட்டில் பட்டாசு ஆபீசுக்கு மாறி இருபத்தாறு வருடம் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்தினார். அந்த வேலையில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடமான விதி ஒன்று உண்டு. அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. அதில் ஈரம் பட்டால் யாரும் தொடாமலே சூடேறும். ஒரு ஐப்பசி மாதத்தில் சனிக்கிழமை சாத்திய பக்கத்து அறைக் கதவைத் திங்கட்கிழமை இரண்டு பேர் திறந்தார்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து கூரை ஒழுகியிருந்தது. அந்த இருவரில் ஒருத்தி குருவம்மாளோடு தினமும் ஒரே மினி பஸ்ஸில் வந்தவள். அந்த வருடத்தோடு அவர் பட்டாசு வேலையை விட்டார். "காயிதம் வெடிக்காதுல்ல" என்று சொல்லிக்கொண்டு சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் அட்டைக் கம்பெனியில் கேட் காவலுக்குச் சேர்ந்தார்.

எட்டு வருடம் கழித்து நானும் அதே கேட்டுக்குள் நுழைந்தேன், பி.எஸ்சி. இயற்பியலோடு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். யாராவது கேட்டால் அம்மா "பையனுக்கு பிசிக்சு" என்பார். கேட்பவர்கள் ஆஸ்பத்திரியில் காட்டியாச்சா என்று விசாரிக்காதது ஆச்சரியம்தான்.

கம்பெனியில் காலண்டர் அட்டைக்கும் இனிப்புப் பெட்டி அட்டைக்கும் பூச்சுப் போடுவார்கள். பழைய மெஷினில், ஓடுகிற அட்டையின் கனத்தைத் தொடாமல் அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அதற்குள் பொட்டைவிடச் சிறிய ஒரு கதிரியக்க மணி. அப்படி ஒன்று இருக்கும் இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். இயற்பியல் படித்தவன் நான் மட்டும்தான் என்பதால் அண்ணாச்சி என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார். சான்றிதழ் வாங்கி வந்து லேமினேட் செய்து என் மேசைக்கு மேலே மாட்டினேன். வருகிறவர்கள் கண்ணில் படவில்லை என்று தோன்றியதால் அப்புறம் இரண்டு அங்குலம் இறக்கி மாட்டினேன்.

போன வருடம் அண்ணாச்சி புது மெஷின் வாங்கினார். அதில் மணியெல்லாம் இல்லை. பழைய கருவியை, விற்ற கம்பெனியின் இன்ஜினீயர் வந்து கழற்றி, மூடியைப் பூட்டி, ஈயம் வைத்த இரும்புப் பெட்டிக்குள் இறக்கிவிட்டுப் போனார். திருப்பி அனுப்ப மும்பையில் இருந்து அனுமதி வர வேண்டும். அதுவரை பெட்டி தனி அறையில், இரண்டு பூட்டுக்குள், இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும் என்று முடிவானது. ஒரு சாவி என்னிடம், ஒரு சாவி குருவம்மாளிடம். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. தனி ஆள் யாரையும் நம்பாதே என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சாரம். அந்தத் தனி ஆள் நானாக இருப்பேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் கேட்டில் வைத்து அவருக்கு வகுப்பெடுத்தேன்.

"அத்தை, இந்தப் பெட்டி பட்டாசு மருந்தைவிட ஆயிரம் மடங்கு மோசம்."

"பெறகு ஏன்யா இங்கன கொண்டாந்து வச்சிருக்கீக?"

"எடுத்துட்டுப் போற வரைக்கும் நாமதான் காவல். தீவிரவாதி கையில கெடச்சா, சாதாரண வெடியோட சேத்து வெடிக்க வச்சு ஊரையே பாழாக்கிருவான்."

"சாதாரண வெடியோடயா?" குருவம்மாள் சாலைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். "நம்ம ஊருல அதுக்கா பஞ்சம்?"

வெளிநாட்டில் இருந்து ஒரு தீவிரவாதி வந்து, விருதுநகரில் பஸ் மாறி, திருத்தங்கலில் இறங்கி டீ குடித்துவிட்டு எங்கள் கம்பெனிக்கு வழி கேட்பதை அதுவரை என்னால் நம்ப முடிந்ததில்லை. அவர் கையை நீட்டியதும் கொஞ்சம் நம்பினேன். அதை மறைக்கக் குரலை உயர்த்தினேன்.

"அது எங்க இருக்குன்னு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது."

"மொதலாளி கேட்டா?"

"யார் கேட்டாலும்."

"போலீசு?"

"காக்கிச் சட்டை யாரு வேணாலும் தச்சுப் போட்டுக்கிடலாம் அத்தை. கார்டைப் பாக்காம வாயத் தெறக்காதீக."

"நீயே கேட்டா?"

"நான் கேட்டாலும் கார்டு காட்டச் சொல்லணும்."

கடைசி வரி எந்த விதியிலும் கிடையாது. நன்றாக இருந்ததால் சொன்னேன். அறைக் கதவில் "கதிரியக்க வளாகம்: அங்கீகரிக்கப்படாதோர் பிரவேசிக்கலாகாது" என்று அச்சடித்து ஒட்டினேன். மூன்று இலை போன்ற அந்த எச்சரிக்கை முத்திரையும் அதில் இருந்தது. அத்தையோடு முறை மாற்றிக் கேட் பார்க்கும் முனியராஜ் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். குருவம்மாள் அவருக்குப் பொழிப்புரை சொன்னார்: "ஃபேன் படம் போட்ட பெட்டி இருக்கு. கிட்டப் போகாதலே."

மூன்றே வாரத்தில் என் சாவியையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். அரசு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருந்தேன். சாயங்காலம் அறையைப் பார்த்துவிட்டுப் போனால் பஸ் தப்பிவிடும். "இதையும் நீங்களே வச்சுக்கோங்க அத்தை, ஒங்க கையில இருந்தா பத்திரம்" என்றேன். இரண்டு ஆள் காவல் என்பது ஒரே சுருக்குப்பைக்குள் இரண்டு சாவியாகச் சுருங்கியது.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நான் மதுரையில் பயிற்சி வகுப்பில், குடிமகனின் அடிப்படைக் கடமைகளை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் போன் மூன்று தடவை அதிர்ந்தது. மூன்று தடவையும் "குருவம்மாள் கேட்". பேங்க்கில் கொடுக்க ஏதாவது ஃபாரம் நிரப்பச் சொல்வார் என்று நினைத்தேன். மூன்று தடவையும் துண்டித்தேன். திரும்பக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை குருவம்மாளுக்கு விடுப்பு. காலையில் முனியராஜிடம் சாவியை வாங்கி அறையைத் திறந்தேன். கூரையில் இருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் தண்ணீர். பெட்டி இருந்த இடத்தில் பெட்டி இல்லை.

"பெட்டி எங்க?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? சாவி தரும்போது ரூம் ஒழுகுதான்னு கேட்டேன். 'ஒனக்கு எதுக்குலே அது'ன்னுட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா."

குருவம்மாளுக்குப் போன் அடித்தேன். அணைத்து வைத்திருந்தது. பட்டாசு ஆபீஸ் கேட்டில் தினமும் போனை அணைத்துக் கொடுத்த பழக்கத்தில், அவர் போன் பெரும்பாலும் அணைந்தேதான் இருக்கும். தேவைப்பட்டால் மட்டும் அதற்கு உயிர் கொடுப்பார். இது எங்கள் தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

கதிரியக்கப் பொருள் காணாமல் போனால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மும்பைக்கும் உள்ளூர் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். எனக்கு இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. என்ன பொருள், எங்கே இருந்தது, எப்போது கடைசியாகப் பார்த்தது என்பதை எழுதினால் போதும். அதையெல்லாம் எழுதி முடித்த பிறகு, யாரும் கேட்காத ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். சாவிகள் காவலாளி குருவம்மாளிடம் இருந்தன, அவர் தலைமறைவாக உள்ளார், அவர்மீது சந்தேகம் உள்ளது. பத்திரிகைகளில் படித்து வைத்திருந்த ஆங்கிலச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதிவிட்டதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. என் சாவி அவர் கைக்கு எப்படிப் போனது என்று எழுதவில்லை. மூன்று தடவை போன் வந்ததும் நினைவுக்கு வந்தது. அது சம்பந்தமில்லாதது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதற்குச் சம்பந்தமில்லை என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு எஸ்.ஐ. அருணாதேவி ஜீப்பில் வந்தார். என் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருந்தார்.

"தலைமறைவுன்னு எழுதியிருக்கீங்க. வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"வீடு எங்க?"

"எங்க தெருதான் மேடம்."

அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற முனியராஜ் மெதுவாகச் சொன்னார்: "சாத்தூர்ல மக வேல்விழி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தாம்மா போனா. சார் கேக்கல, நானும் சொல்லல."

என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப் சாத்தூருக்குப் போனது. குருவம்மாள் வாசலுக்கு வந்தார், கையில் சட்னியோடு.

"அத்தை, பெட்டி எங்க?"

குருவம்மாள் என்னைப் பார்த்தார். எஸ்.ஐ.யைப் பார்த்தார். சட்னிக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "எந்தப் பெட்டி?"

"அத்தை! ஃபேன் படம் போட்டது!"

"எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"ஏம்மா, போலீஸ் கேட்டாச் சொல்ல மாட்டீங்களா?" என்றார் அருணாதேவி.

"தாயி, காக்கிச் சட்டை யாரு வேணாலும் தச்சுப் போட்டுக்கிடலாம். கார்டு வச்சிருக்கீகளா?"

அருணாதேவி சட்டைப் பையில் இருந்து கார்டை எடுத்து நீட்டினார். குருவம்மாள் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மருமவனே, ஒங்க கார்டு?"

என் கார்டு கம்பெனியில், பைக் பெட்டிக்குள் இருந்தது. எஸ்.ஐ. எனக்கு ஜாமீன் சொன்ன பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பினோம்.

கம்பெனியின் பின்சுவரை ஒட்டி, புது மெஷினுக்குத் தளம் போட்டு மிஞ்சிய மணல் குவிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு தகரக் கொட்டகை. குவியலின் நடுவில் செங்கல் பரப்பி அதன்மேல் பெட்டி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் காய்ந்த மணலை அணைத்து, மேலே தார்ப்பாய் போட்டு, நாயும் ஆளும் கிட்டே வராதபடி கருவேல முள்ளை வெட்டி வட்டமாக வைத்திருந்தார். பூட்டு அப்படியே இருந்தது. கதிர்வீச்சை அளக்கும் மீட்டரைக் கொண்டுபோனேன். முள் எப்போதும் போலவே நின்றது. அந்தப் பெட்டிக்கு நான் கொடுத்ததைவிட நல்ல இடம்தான் அது. ஆனால் சட்டத்தின் கண்ணில், பூட்டிய அறையை விட்டு வெளியே, யாருக்கும் தெரியாமல், ஒரு ராத்திரி முழுக்க இருந்திருக்கிறது.

"ஏன் அத்தை தூக்கிட்டு வந்தீக?"

"நீதான மருந்தவிட ஆயிரம் மடங்குன்ன. மேல தண்ணி சொட்டுது. ராத்திரி பூரா ஈரத்துல கெடந்துட்டுத் திங்கக்கெழம காலைல நீதான மொதல்ல கதவத் தெறப்ப?" அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "கனமான கனம். அட்டை வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தேன்."

கதிரியக்க மணிக்கு ஈரம் பட்டால் பட்டாசு மருந்து போலச் சூடேறாது. இதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆயிரம் மடங்கு என்று பயமுறுத்தத் தெரிந்த எனக்கு, எந்த வகையில் ஆயிரம் மடங்கு என்று விளக்கத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அதுவே ஒரு தப்பான கணக்கு. ஏதோ ஒரு எண் வேண்டியிருந்தது, சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கெடச்சிருச்சுல்ல? 'கெடச்சிருச்சு, காவலாளிய வேலைய விட்டு நீக்கியாச்சு'ன்னு ரெண்டே வரி எழுதிப் போடு. அவ பேரத்தான் நீயே எழுதிட்டியே. கம்பெனி தப்பிச்சுரும், நீயும் தப்பிச்சுருவ." அவர் கெட்டவர் அல்ல. காலண்டர் சீசன். ஆர்டர் குவிந்து கிடந்தது. எனக்கும் அந்த இரண்டு வரி மனதுக்குள் தயாராகவே இருந்தது.

வெளியே அருணாதேவி ஜீப் பானட்டின் மேல் காகிதம் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "உங்க லெட்டர்ல என்ன இருக்குன்னு அந்தம்மாவுக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. அதுக்கு அவங்க சொல்ற பதிலை எழுதி வாங்கணும்."

குருவம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. எஸ்.ஐ. எழுதுவதில் மும்முரமாக இருந்தார். கடைசி வரியை நான் விழுங்கிவிட்டால் அப்போதைக்கு யாருக்கும் தெரியாது. முதல் பத்தியைப் படித்தேன். இரண்டாவதைப் படித்தேன். இப்படியே முடிந்துவிட்டது போல நிறுத்திப் பார்த்தேன். குருவம்மாள் தலையாட்டிக்கொண்டே, "அம்புட்டும் சரிதான்லே, நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார். அந்த "லே" தாங்க முடியாமல்தான் கடைசி வரியையும் படித்தேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

குருவம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தார். சட்னி காய்ந்து வெகு நேரமாகியிருந்தது.

"நான் மூணு தடவ போன் அடிச்சேனே. அது அதுல இருக்கா சார்?"

அவர் என்னைச் சார் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

"இல்ல அத்தை."

"சாவி நீங்க குடுத்தது?"

"இல்ல."

"அப்ப மிச்சத்த உள்ள வச்சுக் கதவச் சாத்திட்டீக."

பிறகு குருவம்மாள் எஸ்.ஐ.யிடம் நடந்ததைச் சொல்லி, எஸ்.ஐ. எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "கு" மட்டும் பெரிதாக, மற்ற எழுத்தெல்லாம் சிறிதாக.

அன்று மாலை ஐந்து மணிக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். அதில் நல்ல ஆங்கிலச் சொல் எதுவும் இல்லை. பெட்டி கிடைத்தது, பூட்டு உடையவில்லை. என் பொறுப்பில் இருந்த சாவியை வசதிக்காகக் காவலாளியிடம் கொடுத்தது நான். கூரை ஒழுகியபோது அவர் என்னை மூன்று முறை அழைத்தார், நான் எடுக்கவில்லை. பெட்டியின் ஆபத்து எப்படிப்பட்டது என்று அவருக்கு நான் தவறாகச் சொல்லியிருந்தேன். அவர் தலைமறைவாகவில்லை, வார விடுப்பில் இருந்தார். அவர்மீது எழுதிய சந்தேகத்தைத் திரும்பப் பெறுகிறேன். எங்கள் இரண்டு பேருடைய வேலையும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே அனுப்பினேன்.

நகலைப் படித்த அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. "ஒன்னைய இப்பவே வெளிய தள்ளணும்ல?"

"ஆமா அண்ணாச்சி."

"தள்ளிட்டா?"

"பெட்டி போற வரைக்கும் சான்றிதழ் உள்ள ஆள் ஒருத்தர் பொறுப்புல இருக்கணும். விதி."

லேமினேட் செய்த காகிதம் அன்றுதான் உபயோகப்பட்டது. பெரிய குற்றவாளியை உள்ளே வைத்துக்கொண்டு சின்னக் குற்றவாளியை அனுப்ப அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. "கூரைய மாத்துங்கலே மொதல்ல" என்று யாரையோ பார்த்துக் கத்திவிட்டுப் போனார். குருவம்மாளின் வேலை அப்படித்தான் தப்பித்தது. மும்பையில் இருந்து விளக்கம் கேட்டார்கள். பிறகு ஒரு அதிகாரி நேரில் வந்து பார்த்து, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். என் பெயருக்கு.

அதன் பிறகு சாயங்காலம் தினமும் இரண்டு பேரும் சேர்ந்துதான் அறையைத் திறந்தோம். என் சாவியைக் குருவம்மாள் கையால் தொடக்கூட மாட்டார். நான் கார்டைக் காட்டிய பிறகுதான் தன் பூட்டைத் திறப்பார். பஸ் தப்பினால் தப்பியதுதான். ஒரு மாதம் என்னைச் சார் என்றே கூப்பிட்டார். மார்கழியில் ஒருநாள், கார்டைத் தலைகீழாக நீட்டியபோது, "நேராக் காட்டுலே" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு மறுபடியும் நன்றாகப் பசித்தது.

பங்குனியில் அனுமதி வந்து, பெட்டியை ஏற்றிப் போக வண்டி வந்தது. குருவம்மாள் டிரைவர் கார்டு, இன்ஜினீயர் கார்டு, என் கார்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். வண்டி போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ மொதல்ல எழுதுன கடுதாசி இன்னும் அங்கன இருக்குமாலே?"

"இருக்கும் அத்தை. எதையும் கிழிக்க மாட்டாக. ரெண்டாவதும் கூடவே இருக்கும்."

"எடுக்கறவுக ரெண்டையும் சேத்துப் படிப்பாகளா?"

"படிப்பாக" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோப்பைத் திறக்கிறவருக்கு எவ்வளவு அவசரமோ. எனக்கே அன்று இருபது நிமிடத்துக்கு மேல் பொறுமை இருக்கவில்லை. அதனால்தான் மூன்றாவது தடவையாக இங்கே எழுதுகிறேன். இதை யாருக்கும் அனுப்பும் முன்பு கேட்டில் உட்கார்ந்து முழுதாகப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். சாத்தூரில் அன்றைக்கு இட்லி இல்லையாம், தோசையாம். மாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.